மூன்று சாரிக்குப் பத்து மார்க்

சாரி அக்காவுக்குக் கோபம் வந்தால் அது முதலில் அவள் மேஜைக்கு அடியில் கிடக்கும் துண்டுக்குத்தான் தெரியும். ஹெட்போனில் ஒரு ஆள் காட்டுக்கத்தல் கத்திக்கொண்டிருப்பான். இவள் குரலில் தேன் சொட்டும். "ரொம்ப சாரி சார், உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு ரொம்ப சாரி" என்று வாய் சொல்லும். கீழே இரண்டு கையும் அந்தத் துண்டை ஈரத்துணி பிழிகிற மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கும். நான்கு மாதத்துக்கு ஒரு துண்டு கிழியும். பதினெட்டு வருஷத்தில் எத்தனை துண்டு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அவள் வேலை பார்த்தது வீட்டில் கிடக்கும் நோயாளிகளுக்குச் சாமான் வாடகைக்கு விடுகிற ஒரு கம்பெனியில். சக்கர நாற்காலி, ஏற்றி இறக்குகிற கட்டில், மூச்சுக்கு ஆக்சிஜன் கொடுக்கிற மெஷின். மூன்றாம் மாடியில் புகார்ப் பிரிவு. ஜன்னல் திறக்காத அறை, எட்டு மேஜை, எட்டு கம்ப்யூட்டர், எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஒரு தண்ணீர்க் கேன். போன் அடித்தால் எடுத்த பத்து வினாடிக்குள் ஒரு சாரி சொல்ல வேண்டும். புகாரைக் கேட்டதும் இரண்டாவது சாரி. வைக்கும் முன் மூன்றாவது. மேனேஜர் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து ஒட்டுக்கேட்டு மார்க் போடுவார். மூன்றும் விழுந்தால் பத்துக்குப் பத்து. ஒன்று குறைந்தால் ஆறு. புகார் தீர்ந்ததா இல்லையா என்பதற்கு மார்க்கே கிடையாது. எப்படி இருக்கிறது கதை!

இவளுக்கு எப்போதும் பத்துதான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இவள் பேசிய பதிவைத்தான் போட்டுக் காட்டுவார்கள். அப்படித்தான் சொந்தப் பெயர் போய் சாரி அக்கா ஆனாள். கீழே வாட்ச்மேன்கூட, "என்ன சாரிக்கா, இன்னைக்கு லேட்டு?" என்றுதான் கேட்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பிறவியிலேயே அவளுக்கு அந்த வார்த்தை ஆகாது. பன்னிரண்டு வயதில் வகுப்புச் சுவரில் யாரோ மை கொட்டியதற்கு இவளை மன்னிப்புக் கேட்கச் சொன்னார் டீச்சர். "நான் கொட்டல, நான் ஏன் கேக்கணும்?" என்று நான்கு நாள் வகுப்புக்கு வெளியே நின்றாள். ஐந்தாம் நாள் டீச்சருக்கே கால் வலித்ததுபோல, உள்ளே கூப்பிட்டுக்கொண்டார். பிறகு பதினோரு வருஷம் செருப்புக் கடையில் வேலை. வருகிறவர் காலடியில் மண்டியிட்டு மண்டியிட்டு முப்பத்தொரு வயதில் முட்டி தேய்ந்துபோயிற்று. உட்கார்ந்து பார்க்கிற வேலையாக வேண்டும் என்று இங்கே வந்தாள். முட்டி தப்பித்தது. மற்றதெல்லாம் தேய்ந்தது.

வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். குழம்பில் உப்புக் கூடிப்போனாலும் சரி, அவர் சட்டையை இஸ்திரிப் பெட்டி பொசுக்கினாலும் சரி, இவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது.

"ஆபீஸ்ல ஒரு நாளைக்கு முந்நூறு சாரி சொல்ற. வீட்டுக்கு ஒண்ணே ஒண்ணு பொட்டலம் கட்டி எடுத்துட்டு வரக் கூடாதா?" என்பார்.

"எல்லாம் அங்கயே தீந்துடுச்சு. வேணும்னா புகார்ப் பிரிவுக்கு போன் பண்ணுங்க" என்பாள் இவள்.

ஒரு நாள் மனுஷன் நிஜமாகவே போன் பண்ணிவிட்டார். கட்டில் ஆடுகிறது என்று குரலை மாற்றிச் சொன்னார். கண்ணாடிக்கு உள்ளே மேனேஜர் ஒட்டுக்கேட்கிறாரே, என்ன செய்வாள்? பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று சாரியும் சொன்னாள். அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததை நான் சொல்லப்போவதில்லை.

இப்போது அந்தப் பச்சைப் பட்டன் விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொன்னால்தான் பிறகு நடந்தது புரியும்.

புகார் வந்ததும் கம்ப்யூட்டரில் அது சிவப்பு வரியாக விழும். அதே வரி மெக்கானிக்கின் போனிலும் தெரியும். அவர் சிவப்பு வரி இருக்கிற வீட்டுக்குத்தான் முதலில் போவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மேனேஜர் ஒரு சட்டம் கொண்டுவந்தார். நாம் சாரி சொன்னதும் வாடிக்கையாளர் 'பரவாயில்லை' என்று சொல்லிவிட்டால், உடனே ஒரு பச்சைப் பட்டனை அமுக்க வேண்டும். வாடிக்கையாளர் சமாதானம் என்று அர்த்தம். சிவப்பு வரி பச்சையாகிப் பட்டியலின் அடிக்குப் போய்விடும். 'சாயங்காலத்துக்குள் பார்த்துக்கொள்ளலாம்' என்கிற கூட்டத்தில் சேர்ந்துவிடும். சிவப்பு வரி குறையக் குறைய மேலிடத்தில் மேனேஜருக்கு நல்ல பெயர். ஐந்து வினாடிக்குள் அமுக்காவிட்டால் நமக்கு இரண்டு மார்க் போய்விடும்.

இதைத் தாளில் அச்சடித்து, அடியில் கையெழுத்தும் தேதியும் போட்டு, எட்டு மேஜையிலும் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒட்டச் சொன்னார். 'பரவாயில்லை, பார்த்துக்கலாம், நீங்க என்ன பண்ணுவீங்க: இவற்றில் எதைச் சொன்னாலும் உடனே பச்சை.' அதுதான் வாசகம். நம் ஜனங்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா? யாராவது இதமாக சாரி சொன்னால் தானாகவே வாயில் 'பரவாயில்லை' வந்துவிடும். காலை மிதித்தவனிடம்கூடச் சொல்லுவோம். கால் வீங்கியிருக்கும், பரவாயில்லை என்போம். அதை வைத்து ஒருவர் பட்டன் செய்திருக்கிறார் என்றால் அவர் தலையில் என்ன இருந்திருக்கும்!

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி பத்து நிமிஷத்துக்கு ஒரு அம்மா பேசினார். தையல்கார அம்மா. பின்னால் யாரோ மெஷின் தைக்கிற சத்தம் கேட்டது. அவர் கணவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், நுரையீரல் கெட்டுப்போய் இரண்டு வருஷமாகக் கம்பெனியின் ஆக்சிஜன் மெஷினில்தான் மூச்சு விடுகிறார்.

"மெஷின் பீப் பீப்னு கத்துதும்மா. காத்து சரியா வரல."

சாரி அக்கா முதல் சாரி, இரண்டாம் சாரி, வாடிக்கையாளர் எண், விலாசம், மூன்றாம் சாரி என்று வரிசை தவறாமல் முடித்தாள்.

"பரவால்லம்மா. சின்ன சிலிண்டர் ஒண்ணு இருக்கு, அதுல போட்டிருக்கேன். சீக்கிரம் அனுப்புங்க."

விரல் பச்சையை அமுக்கியது. இவள் அமுக்கினாள் என்றுகூடச் சொல்ல முடியாது, விரலே போய் அமுக்கியது.

பதினொன்று நாற்பதுக்கு மறுபடியும் அதே அம்மா. சிலிண்டரில் முள் பாதிக்கு இறங்கிவிட்டது, இன்னும் யாரும் வரவில்லை என்றார். குரலில் கோபமே இல்லை. தொந்தரவு கொடுக்கிறோமே என்கிற கூச்சம்தான் இருந்தது. மூன்று சாரி. "நீங்க என்னம்மா பண்ணுவீங்க, பாவம்" என்றார் அந்த அம்மா. பச்சை.

பன்னிரண்டு ஐம்பதுக்கு மூன்றாம் முறை. "முள்ளு சிவப்புக்கு வந்துடுச்சும்மா. அவருக்கு உதடெல்லாம் ஒரு மாதிரி ஆவுது."

இந்த முறையும், கேட்டுக்கொள்ளுங்கள், இந்த முறையும் இவள் வாய் மூன்று சாரியையும் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொன்னது. அதற்கு நாற்பது வினாடி ஆயிற்று. பிறகுதான் இவளுக்கே உறைத்து, "அம்மா, போனை வெச்சுட்டு உடனே ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க!" என்று கத்தினாள். ஹெட்போனைக் கழற்றி வீசிவிட்டுக் கண்ணாடி அறைக்கு ஓடினாள்.

மூன்றாவது அழைப்பை இவள் இன்னும் பதியவே இல்லை. மேனேஜர் பட்டியலைப் பார்த்தார். "பச்சையாத்தானே இருக்கு?"

"சார், அந்த ஆளுக்கு மூச்சு நிக்கப் போகுது. மெக்கானிக்க இப்பவே அனுப்புங்க!"

"கத்தாதீங்க. அவர் இன்னொரு எடத்துல இருக்கார். சிவப்பு வரி."

அந்தச் சிவப்பு வரி என்ன தெரியுமா? ஒரு வீட்டில் சக்கர நாற்காலியின் சக்கரம் கீச்சுக் கீச்சென்று சத்தம் போடுகிறதாம். அந்த வீட்டுக்காரர் போனில் பரவாயில்லை சொல்லவில்லை. கெட்ட வார்த்தையில் திட்டினார். அதனால் அவர் வரி சிவப்பாகவே இருந்தது. மெக்கானிக் போய்ச் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். மரியாதையாகப் பேசினவர் வீட்டுக்கு இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே பூட்டுத்தான் தொங்கியது. ஒன்று முப்பத்தைந்துக்கு ஆம்புலன்ஸிலேயே அந்த அம்மாவின் கணவருக்கு உயிர் போய்விட்டது.

புதன்கிழமை காலை மேனேஜர் எட்டுப் பேரையும் கூப்பிட்டார். பக்கத்தில் கம்பெனி வக்கீல். மொடமொடவென்று சட்டை, கையில் ஒரு பைல்.

"அந்த வீட்டுலேர்ந்து யார் போன் பண்ணாலும் சாரிங்கற வார்த்தை மட்டும் உங்க வாயில வரவே கூடாது" என்றார் வக்கீல். "சொன்னா தப்ப நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். 'தங்கள் இழப்பில் நிறுவனம் பங்குகொள்கிறது'ன்னு ஒரே ஒரு வரி. அதோட போனை வெச்சிடணும்."

சாரி அக்காவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. சக்கரம் கீச்சிட்டால் மூன்று சாரி, கட்டில் ஆடினால் மூன்று சாரி, ஒரு மனுஷன் செத்துப்போனால் ஒன்றுகூடக் கிடையாதா? பதினெட்டு வருஷமாக வாரி இறைத்த வார்த்தை, தேவைப்படுகிற ஒரே ஒரு நாளில் தடை. அவள் துண்டை எடுக்கக்கூட இல்லை.

மற்றவர்களை அனுப்பிவிட்டு இவளை மட்டும் நிறுத்தினார் மேனேஜர். ஒரு தாளை நகர்த்தினார். மறுநாள் வியாழக்கிழமை பத்தரைக்குச் சுகாதாரத் துறை அதிகாரி இவர்களையும் அந்த வீட்டம்மாவையும் கூப்பிட்டு விசாரிக்கப் போகிறார். அதற்கு இவள் கையெழுத்துப் போட வேண்டிய வாக்குமூலம். 'வாடிக்கையாளர் முதல் இரண்டு அழைப்புகளிலும் எங்கள் பதிலில் திருப்தி தெரிவித்தார். அவசரம் என்று எங்களிடம் கூறவில்லை.'

"இது பொய் சார்."

"எது பொய்? பரவாயில்லைன்னு அவங்க வாயாலயே சொல்லியிருக்காங்க. பதிவு இருக்கு."

"அது மரியாதைக்குச் சொல்றது சார். நீங்க சொல்ல மாட்டீங்களா?"

"நீங்கதானே பட்டன அமுக்கினீங்க?" என்றார் அவர் மெதுவாக. "நல்லா யோசிச்சுப் பாருங்க. இது உங்களுக்கும் பாதுகாப்பு. சாயங்காலத்துக்குள்ள போட்டுக் குடுங்க."

அது போய்த் தைத்தது. அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை, அதனால்தான் அப்படித் தைத்தது. அமுக்கியது இவள் விரல்தான்.

மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. மேனேஜர் மேல், வக்கீல் மேல், அந்தக் கீச்சுச் சக்கரத்துக்காரன் மேல், தன் விரல் மேல். கடைசியில் அந்த வார்த்தை மேலேயே கோபம் வந்தது. அப்படி என்னதான் இருக்கிறது அதில்? சும்மா சொன்னால் மார்க், நிஜமாகச் சொன்னால் குற்றமா?

அவள் கம்ப்யூட்டருக்கு அடியில் முட்டுக்கொடுத்து ஒரு தடி அகராதி இருந்தது. இந்த அறையில் முன்பு யாரோ இங்கிலீஷ் பேசப் பழக்கும் வகுப்பு நடத்தினார்களாம், அவர்கள் விட்டுப்போனது. இங்கிலீஷ் வார்த்தைக்குத் தமிழில் அர்த்தம், பிறப்பு, உபயோகம் எல்லாம் போட்டது. பதினெட்டு வருஷமாக அதன் முதுகை மட்டுமே பார்த்திருக்கிறாள். அன்றைக்குக் கம்ப்யூட்டரைத் தூக்கி அதை உருவினாள். திரை சட்டென்று இரண்டு அங்குலம் இறங்கியது. பக்கத்து மேஜைக்காரி, "என்னக்கா பண்றீங்க?" என்றாள். "நாம தினம் விக்கிற அந்தச் சாரியோட விலாசத்தைத் தேடறேன்" என்றாள் இவள்.

பக்கமெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்துக் கண்டுபிடித்தாள். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய இங்கிலீஷில் 'சாரிக்' என்று எழுதினார்களாம். 'சார்' என்கிற சொல்லிலிருந்து பிறந்ததாம். சார் என்றால் புண், வலி. இப்போதும் தொண்டை ரணமானால் 'சோர்' என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். 'சாரோ' என்று துக்கத்துக்கு ஒரு சொல் இருக்கிறது, பார்த்தால் அக்கா தங்கை மாதிரி இருக்கும், ஆனால் அது வேறு குடும்பம் என்றும் எழுதியிருந்தது. புண் என்றால் சாரா! நாள் முழுக்க யாரை சார், சார் என்று கூப்பிடுகிறோம் என்று நினைத்து அந்த வேதனையிலும் அவளுக்கு ஒரு சிரிப்பு வந்தது.

கீழே நான்கு உபயோகம் போட்டிருந்தது. ஒன்று: மற்றவர் துயரத்தால் தனக்கு வலித்தல். இரண்டு: பரிதாபமான நிலையில் இருத்தல். மூன்று: மரியாதைக்காகச் சொல்லும் மன்னிப்பு. நான்கு: காதில் விழாதபோது, மறுபடி சொல்லுங்கள் என்று கேட்பது.

அவள் அதை மூன்று தடவை படித்தாள். முதலில் இருப்பது வலி. தப்பு யாருடையது, யார் ஒத்துக்கொண்டது, வக்கீல் என்ன சொல்வார், அதெல்லாம் அந்த வார்த்தை பிறந்தபோது அதில் இல்லவே இல்லை. உனக்குப் பட்டது எனக்கும் வலிக்கிறது, அவ்வளவுதான். இவள் பதினெட்டு வருஷமாகச் சொன்னதெல்லாம் மூன்றாம் நம்பர். அந்த அம்மா மூன்று தடவை கூப்பிட்டாரே, அப்போது நான்காம் நம்பராவது ஒழுங்காகச் சொல்லியிருக்கக் கூடாதா? என்னம்மா சொன்னீங்க, மறுபடி சொல்லுங்க, முள் எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டிருக்கக் கூடாதா? இரண்டாம் நம்பர் யார் என்று கேட்டால், நாற்பத்தொன்பது வயதில் மார்க்குக்கு வேலை செய்கிற நான்தான் என்று நினைத்துக்கொண்டாள். கண் எரிந்தது. அழுகை இல்லை, ஆத்திரம்.

அகராதியை மூடினாள். கம்ப்யூட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்த அந்தச் சட்டத் தாளின் டேப்பை நகத்தால் கீறி, கிழியாமல் உரித்தாள். மேனேஜரின் கையெழுத்தும் தேதியும் பளிச்சென்று இருந்தன. தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். கையெழுத்துப் போடாத வாக்குமூலத்தைக் கண்ணாடி அறைக்குள் கொண்டுபோய் வைத்தாள்.

"என்ன, போடலையா?"

"போட மாட்டேன்."

"அப்போ நாளையிலேர்ந்து இந்தச் சீட்டு உங்களுக்கு இல்ல. தெரியுமில்ல?"

"தெரியும்."

"பதினெட்டு வருஷம்! சாரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கையெழுத்தப் போடுங்க, நானும் மறந்துடறேன்."

"உங்ககிட்ட சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணும் மிச்சமில்ல. இருந்த ஒண்ணும் வேற எடத்துக்குப் போகணும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வகுப்புக்கு வெளியே நின்ற அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண் எங்கேயும் போய்விடவில்லை.

விலாசத்தை ஒரே நாளில் இரண்டு தடவை அடித்திருக்கிறாள், மறக்குமா? இரண்டு பஸ் மாறிப் போனாள். ஒரு மாடிப்படிக்குக் கீழே குறுகலான வீடு. முன்னறையில் இரண்டு தையல் மெஷின், ஒன்றின் மேல் உறை போட்டிருந்தது. அரைகுறையாகத் தைத்த பள்ளிச் சீருடைகள் ஒரு மூட்டையாகக் கிடந்தன. சுவரோரம் கம்பெனியின் ஆக்சிஜன் மெஷின், கம்பெனி ஸ்டிக்கரோடு. காலையிலேயே அடக்கம் முடிந்து, வந்தவர்களெல்லாம் கலைந்துபோயிருந்தார்கள். அந்த அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும். விரலில் ஊசி குத்திய தழும்புகள்.

"யாரும்மா?"

இவள் வாயைத் திறந்தாள். வந்தது அந்தத் தேன் குரல். "வணக்கம்மா, நான்..." அவ்வளவுதான். அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"நீதானா?" என்றார். "அந்தக் குரல்தானே? மூணு தடவ என்கிட்ட பேசினது நீதானே?"

"ஆமாம்மா."

"எதுக்கு வந்த? இன்னும் எத்தன சாரி பாக்கி இருக்கு?"

இவள் உட்காரவில்லை. யாரும் உட்காரச் சொல்லவும் இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சிவப்பு வரி, பச்சைப் பட்டன், மார்க், ஐந்து வினாடி, கீச்சுச் சக்கரம், எதையும் விடவில்லை. தேன் எல்லாம் போய்க் குரல் கரகரவென்று வந்தது. தாளை எடுத்துக் கொடுத்தாள். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். விரல் ஒவ்வொரு வார்த்தையாக நகர்ந்தது. 'நீங்க என்ன பண்ணுவீங்க' என்கிற இடத்தில் நின்றது.

"நான் இதைச் சொன்னேன்" என்றார்.

"ஆமாம்மா."

"நீ பாவம்னு நெனச்சுச் சொன்னேன்."

"தெரியும்மா."

பிறகு அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ணு கேக்கறேன், நெஜத்தச் சொல்லு. அந்த ஆள் மாதிரி நானும் கத்தியிருந்தா, வாயில வந்தபடி திட்டியிருந்தா, வந்திருப்பாங்களா?"

இதற்கு இதமாக ஒரு பதில் சொல்ல இவளால் முடியும். பதினெட்டு வருஷப் பழக்கம், நூறு வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருக்கிறது. அதையெல்லாம் விழுங்கினாள்.

"வந்திருப்பாங்கம்மா. பத்தரைக்கே வந்திருப்பாங்க."

அந்த அம்மா சீருடை மூட்டைமேல் கிடந்த கத்தரிக்கோலை எடுத்துச் சுவரைப் பார்த்து வீசினார். ஆக்சிஜன் மெஷினில் பட்டு அது 'ணங்'கென்று கீழே விழுந்தது. "நாப்பது வருஷம் பஸ் ஓட்டினாரு! ஒருத்தர ஏத்தாம விட்டதில்ல! ஓடி வந்தவங்களுக்கெல்லாம் நிறுத்துவாரு! அவருக்கு ஒருத்தன் நிறுத்தலையே! நான் மரியாதையாப் பேசினதுக்கா? பரவால்லைன்னு சொன்னதுக்கா?" அடிவயிற்றிலிருந்து வந்தது அந்தச் சத்தம். மாடிப்படியில் இறங்கிய யாரோ நின்று எட்டிப் பார்த்தார்கள்.

சாரி அக்கா அசையாமல் நின்றாள். இந்தக் கோபத்துக்கு முறுக்கத் துண்டு தேவைப்படவில்லை. அந்த அம்மாவின் கோபம் நியாயமானது, இவளிடம் வந்து சேர வேண்டியதுதான்.

"அம்மா, நான்தான் அமுக்கினேன். ரெண்டு தடவ. யார் சட்டம் போட்டாலும் விரல் என்னோடது. எனக்கு உள்ள எல்லாம் ரணமா இருக்கு. சாரி." அந்த வார்த்தையை அவள் வாழ்க்கையில் இவ்வளவு மோசமாக உச்சரித்ததே இல்லை. மேனேஜர் கேட்டிருந்தால் முட்டைதான் போட்டிருப்பார்.

அந்த அம்மாவின் உதடு தானாகத் திறந்தது. பழக்கம். பிறகு இறுக மூடிக்கொண்டது.

"பரவால்லைன்னு சொல்ல மாட்டேன்."

"சொல்லாதீங்கம்மா. தயவுசெஞ்சு சொல்லாதீங்க."

அந்த அம்மா தாளை நான்காக மடித்து, கணவரின் மருந்துச் சீட்டுகள் இருந்த பைலுக்குள் வைத்தார். கீழே கிடந்த கத்தரிக்கோலை எடுத்து முனை மழுங்கிவிட்டதா என்று விரலால் தடவிப் பார்த்தார். "நாளைக்கு அந்த ஆபீசர்கிட்ட இதையெல்லாம் வந்து சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"வேல?"

"போயிடுச்சு."

"உக்காரு" என்றார் அந்த அம்மா. தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. இவளும் எதிர்பார்க்கவில்லை.

அன்று வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் கேலி பண்ணவில்லை. "நாளைக்கு அவங்கள வேன்லயே கூட்டிட்டுப் போயிடலாம்" என்றார். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு ஒன்பதரைக்கெல்லாம் தையல்கார அம்மா வீட்டு வாசலில் வேனை நிறுத்தினார்.

சுகாதார அலுவலகத்தில் மர பெஞ்சு. எதிர்ப் பெஞ்சில் மேனேஜரும் வக்கீலும். இவளைப் பார்த்ததும் மேனேஜர் வக்கீலின் காதில் ஏதோ சொன்னார். பத்தரை ஆயிற்று, பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டும் ஆயிற்று. அதிகாரியின் அறைக் கதவு திறக்கவில்லை. உள்ளே வேறு ஏதோ கூட்டமாம். அந்த அம்மா பைலை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நகராமல் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு ஐம்பதுக்குக் கதவு திறந்தது.

அதிகாரி நல்ல மனுஷராகத்தான் இருந்தார். எழுந்து நாற்காலியைக் காட்டினார். "சாரிம்மா, உங்கள ரொம்ப நேரம் காக்க வெச்சுட்டேன்."

சாரி அக்கா திரும்பி அந்த அம்மாவைப் பார்த்தாள். மேனேஜரும் பார்த்தார்.

அந்த அம்மா உட்கார்ந்தார். பைலைப் பிரித்து, நான்காக மடித்த தாளை எடுத்து அதிகாரியின் மேஜையில் விரித்து வைத்தார்.

"ஆமாங்க" என்றார். "ரொம்ப நேரம் காத்திருந்தோம்."